நார்வேக் கடலில் நான் கட்டிய ஈயம்

எங்கள் பழவேற்காட்டுப் பக்கம் தண்ணீரில் இறங்குமுன் சட்டையைக் கழற்றுவோம். இந்த நார்வேக்காரர்கள் தண்ணீரில் இறங்குவதற்கென்றே உடுத்துகிறார்கள். முதலில் பனியன், அதன்மேல் மெத்தையைத் தைத்ததுபோல் ஓர் உள்ளுடை, அதற்கும் மேல் கழுத்தையும் மணிக்கட்டையும் ரப்பர் கவ்விக்கொள்ளும் ட்ரைசூட். கடலுக்குள் போய் வந்தாலும் உள்ளே ஒரு பொட்டு ஈரம் இருக்காதாம். மீனவனுக்கு இதைவிடக் கேவலம் வேறு உண்டா? முதல் நாள் கண்ணாடியில் பார்த்தேன். வாய் கட்டிய அரிசி மூட்டை மாதிரி இருந்தேன்.

இங்கே சால்மன் மீனைக் கடலில் வலைக்கூண்டு போட்டு வளர்க்கிறார்கள். வலை எங்காவது கிழிந்திருக்கிறதா என்று மூழ்கிப் பார்ப்பது என் வேலை. அந்தமானில் சுற்றுலா வந்தவர்களைக் கடலடிக்குக் கூட்டிப்போய்ப் பழகியவன் நான். சிலிண்டர் எனக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே மெல்லிய உடை. இங்கே உடைக்குள்ளேயே காற்று. காற்று மிதக்க வைக்கும், ஆகவே ஈயம் கூடுதல். பூட்ஸ் பெரிது, ஆகவே காலில் மாட்டும் துடுப்பின் பட்டையைத் தளர்த்த வேண்டும். தோள் வாரை நீட்ட வேண்டும். உடைக்குள் காற்றை விடும் நெஞ்சுப் பொத்தானை அது மறைக்கக் கூடாது. எல்லாம் மாட்டியதும், மேற்பார்வை பார்க்கும் இங்ரித், ஆறடி அம்மாள், “சரியாக இருக்கிறதா?” என்று கேட்டார். வார் என் நெஞ்சை நெரித்துக்கொண்டிருந்தது. “சூப்பர் மேடம்” என்றேன். அக்கறையாகக் கேட்கிறவரிடம் சரியில்லை என்று எப்படிச் சொல்வது? அவரும் நம்பிவிட்டார். சொன்னதை அப்படியே நம்புகிற ஊர் இது, கொடுமை!

இறங்கித் தலையைத் தாழ்த்தியதுதான் தாமதம், உடைக்குள் இருந்த காற்று முழுக்கக் காலுக்கு ஓடியது. தலை கீழே, கால் மேலே. துறையில் நின்றவர்களுக்குத் தெரிந்தது என் இரண்டு துடுப்புகள் மட்டும். இங்ரித் வந்து என்னைப் புரட்டிப் போட்டார். திங்கட்கிழமை இன்னொரு வாய்ப்பு, அதுவே கடைசி என்றார். நடுத்தண்ணீரில் மட்டமாகப் படுத்தபடி ஐந்து நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். தேறினால் இரண்டு வருட வேலை, இல்லையென்றால் ஊர்.

ஊரிலும் அதே வாரம் ஒரு விவகாரம். பழவேற்காட்டு ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோம். அதற்குப் பாடு என்று பெயர். அந்தத் திங்கள் கழிந்து வரும் வெள்ளிக்கிழமை சீட்டு. இந்த முறையும் நான் நேரில் வந்து நிற்காவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். இங்கே தேறினால் அங்கே பாடு போகும். தோற்றால் பாடு மிஞ்சும், வேலை போகும்.

என் மூளை ஊர் மூளை. வலை தண்ணீரில் எப்படி நிற்கிறது? மேலே மிதப்பு, கீழே ஈயம். ஆகவே கூடுதல் ஈயம் அத்தனையையும் கணுக்காலில் கட்டிக்கொண்டு ஞாயிறன்று ஒத்திகைக்கு இறங்கினேன். நட்ட கம்பம் மாதிரி நின்றேன். இங்ரித் கையைக் கிடையாக நீட்டி ‘படு, படு’ என்று சைகை காட்டுகிறார். நானோ மரியாதையாக நிற்கிறேன்.

அன்று மாலை என் மனைவி தேவிக்கு ஈயம் கட்டிய கால்களை வீடியோவில் காட்டினேன். பழவேற்காட்டை ஒட்டிய தோணிரேவில் பிறந்தவள், வலைக்கு ஈயம் கோப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரி.

“இன்னாயா இது, கால்ல கொலுசு?” என்று ஆரம்பித்தவள், விஷயத்தைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். “யோவ், வலை நிக்கணும், அடியில ஈயம் கட்றோம். உன்னப் படுக்கச் சொல்றாங்க, உனுக்கு இன்னாத்துக்குக் கால்ல? ஒண்ணொண்ணா மேல ஏத்திக் கட்டு. ஒவ்வொரு தபாவும் தண்ணியில எறங்கிப் பாரு.”

“ஃபெயிலானா ஊருக்கு வந்துடுவேன். சீட்டுல நிக்கலாம்.”

தேவி சிரிப்பை நிறுத்தினாள்.

“நீ வந்தா எனுக்கு வேணாம்னா கீது? இன்னும் ரெண்டு வருசம்னா பத்திகினு வருது. அதுக்காவ உனுக்குத் தப்பா சொல்லித் தரணுமா?”

அழுகை வந்தது. நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

திங்கள் காலை முதல் வேலையாக இங்ரித்திடம், “சரியில்லை மேடம், வார் நெரிக்கிறது” என்றேன். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். தானே வாரைத் தளர்த்தினார். கணுக்காலுக்கு ஒரு சின்னத் துண்டை மட்டும் விட்டுவிட்டு, மீதி ஈயத்தை இடுப்புக்கும் சிலிண்டரின் மேல்பட்டைக்கும் ஏற்றினேன். இறங்கினேன், ஏறினேன், ஒரு துண்டை மாற்றினேன், மறுபடி இறங்கினேன். நான்காம் தடவை உடம்பு தானாகப் படுத்தது. ஐந்து நிமிடமும் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. மேலே வந்ததும் இங்ரித் என் முதுகில் அறைந்த அறை அந்த மெத்தையையும் தாண்டி வலித்தது. தேறிவிட்டேன்.

துறையில் ஒரு பலகை உண்டு. ஒரு வரிசை ஆணிகளுக்கு மேல் ‘கரை’ என்றும், அடுத்த வரிசைக்கு மேல் ‘நீருக்குள்’ என்றும் அவர்கள் மொழியில் எழுதியிருக்கும். மூழ்குகிறவன் தன் பெயர்த்தகட்டைத் தானே இடம் மாற்ற வேண்டும். எனக்கும் ஒன்று அடித்துக் கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை கடலில் இறங்கக் கிளம்பும்போது தேவியின் குரல் பதிவு வந்தது. “பேர எடுத்துட்டாங்கயா. உனுக்குப் பதிலா நான் போய் நின்னேன். பொம்பள நின்னா செல்லாதுனுட்டாங்க. நீ பத்தரமா எறங்கு.”

‘கரை’ ஆணியிலிருந்து தகட்டைக் கழற்றி ‘நீருக்குள்’ ஆணியில் மாட்டினேன். அந்த நேரத்தில் எந்தக் கரையிலும் என் பெயர் இல்லை.