மூன்று முறை “ஒன்னும் வரல” என்றேன்

2020 அக்டோபர் 14, புதன்கிழமை. காலை பத்து நாற்பது. தூறல் விட்டு, மேகம் மட்டும் கலையாமல் இருந்தது. அப்போதுதான் அந்தப் பாவத்தைச் செய்தேன். எனக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. சொல்லாமல் செத்துவிடக் கூடாது என்று இதை எழுதுகிறேன்.

முத்துப்பேட்டைக்கு வடக்கே எங்கள் ஊர். அந்த ஜூலையில் கொரோனாவில் என் மனைவி போய்விட்டாள். அடக்கத்துக்கு நான்கு பேர். மகன் குவைத்தில் மாட்டிக்கொண்டான். வீட்டில் நானும் மருமகள் ஸ்டெல்லாவும்தான். தஞ்சாவூரில் விடுதியில் தங்கி எம்.எஸ்.சி. கணக்கு படிக்க அவள் விண்ணப்பித்திருந்தாள். மகனுக்கும் சம்மதம். அவள் போன் பழுதானதால் என் நம்பரைக் கொடுத்திருந்தாள்.

அன்று என் பட்டன் போனில் செய்தி வந்தது. இடம் கிடைத்துவிட்டது, வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்ய வேண்டும். இரண்டு முறை படித்தேன். பிறகு அழித்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று போன் கேட்டது. ஆம் என்று அமுக்கினேன்.

நோய்க்குப் பயந்துதான் செய்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி. மீதிப் பாதி, அவள் போனால் எனக்கு யார் சோறு வடிப்பார்கள் என்பது.

“மாமா, மெசேஜ் ஏதும் வந்துச்சா?”

“ஒன்னும் வரலம்மா.”

புதன், வியாழன், வெள்ளி. மூன்று முறை. பேதுருவும் இயேசுவை மூன்று முறைதான் மறுதலித்தார்.

சனிக்கிழமை எங்கள் வயலில் சம்பா நடவு. ஸ்டெல்லாவும் இறங்கினாள். நடவுக்கு வந்த பாக்கியம் சீண்டினாள். “என்னடி, கணக்கு டீச்சர் சேத்துல நிக்குது?”

“நாத்த எண்ணிக்கிட்டிருக்கேன்க்கா. கணக்கு மறந்துடக் கூடாதுல்ல.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வரப்பில் நின்ற என் காதிலும் அது விழுந்தது.

அந்த வயல் மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர். என் அப்பா பண்ணையாள். நான் பள்ளிக்கூடம் போன முதல் நாள், “இவன் படிக்கப் போனா மாட்ட யாருடா மேய்ப்பா?” என்று பண்ணையார் கேட்டாராம். அப்படியும் அப்பா என்னை அனுப்பினார். அதற்காக ஆறு மரக்கால் கூலி நெல்லைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு அப்பா கொடி பிடித்து, அடிபட்டு, ஜெயிலுக்குப் போய் அந்த மூன்று மாவை வாங்கினார். அதே வரப்பில் நின்றுகொண்டு நான் பண்ணையாரின் கேள்வியைத்தான் கேட்டிருக்கிறேன்.

அன்று மாலை ஜெபமாலை எடுத்தேன். பாவிகள் என்ற சொல்லைத் தாண்டி நாக்கு நகரவில்லை. அந்த வருடம் வேளாங்கண்ணிக்கு நடந்து போகவும் வழியில்லை. கிழக்கே பார்த்து மண்டியிட்டேன். “மாதாவே, இன்னும் ஒரு நாள் வாங்கிக் கொடும்மா. என் வாயாலேயே சொல்லிடறேன்.”

ஞாயிறு முழுக்கச் சொல்லவில்லை. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது. உதவி வந்த பிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

திங்கள், ஒன்பது இருபது. கொரோனா காரணமாகக் கடைசி நாள் 23 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது என்று செய்தி. உட்கார்ந்து அழுதேன். பிறகு நடவு மிச்சமிருந்த வயலுக்குப் போனேன். இருநூற்றுப் பன்னிரண்டு அடி, எண்ணிக்கொண்டே நடந்தேன். பாக்கியத்தின் முன்னாலேயே ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

ஸ்டெல்லா வாய்க்காலில் கை கழுவி, போனை வாங்கிப் படித்தாள்.

“அத்தை இருந்திருந்தா இப்படிச் செஞ்சிருப்பீங்களா மாமா?”

“இல்லம்மா. அவ சோறு வடிச்சிருப்பா.”

போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். “அப்ப இன்னைக்கே கத்துக்குங்க. உலை கொதிச்சப்புறம்தான் அரிசியப் போடணும்.”

கற்றுக்கொண்டேன். முதல் வாரத்தில் ஐந்து நாள் குழைந்தது. அவளுக்கும் மாதக்கணக்கில், பழுது பார்த்த தன் போனிலேயே வகுப்பு, வீட்டில்தான் இருந்தாள். எதற்குப் பயந்து பாவம் செய்தேனோ அது உடனே வரவும் இல்லை. 2022இல் முடித்துவிட்டாள். இப்போது வேலைக்குப் போகிறாள். நான் வடித்த சோற்றைத்தான் கட்டிக்கொண்டு போகிறாள்.

தகுதியில்லாத கிழவனுக்கே மாதா நாள் வாங்கிக் கொடுத்தாள். நீங்களும் கேளுங்கள். ஆனால் உண்மையை முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

சேர்ந்ததும் ஸ்டெல்லா செய்த முதல் வேலை, என் நம்பரை எடுத்துவிட்டுத் தன் நம்பரைப் போடச் சொன்னது. பணம் நான் கட்டினேன். அந்த வெள்ளி தவறியதற்குத் தாமதக் கட்டணம் ஐந்நூறு. நம்பர் மாற்ற முத்திரைத்தாள் இருபது. ஆக மொத்தம் ஐந்நூற்று இருபது ரூபாய்.