கிணற்று மருந்தும் வெள்ளரிப் பிஞ்சும்

ஐம்பதுகளின் கடைசியில் திண்டிவனத்தில் சுகாதார ஆய்வாளராக இருந்தேன். வயது இருபத்தெட்டு, மூக்குக்கு மேல் கோபம். பஸ் நிற்கும் இடத்தில் கூடை வைத்து விற்ற பெண்கள் எனக்குப் ‘பினாயில் ஐயா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். என் தலை தெரிந்ததும் நறுக்கி வைத்த தர்பூசணித் துண்டுகள் முந்தானைக்குள் மறைந்துவிடும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்தக் கோடையில் சுற்றுக் கிராமங்களில் காலரா வந்தது. நறுக்கிய பழம் எதைக் கண்டாலும் பினாயில் ஊற்றி அழிக்க வேண்டும் என்பது உத்தரவு. கிருமி கண்ணுக்குத் தெரிகிற சமாச்சாரமா? மாதிரி எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினால், முடிவு வருவதற்குள் பழமும் தீர்ந்திருக்கும், தின்றவனும் போய்ச் சேர்ந்திருப்பான். மூக்கையும் சந்தேகத்தையும் நம்பித்தான் வேலை பார்த்தோம்.

வெள்ளரிப் பிஞ்சு விற்ற ஒருத்தி மட்டும் என்னைக் கண்டு ஒளியவில்லை. மயிலம் பக்கத்திலிருந்து கூடையோடு நடந்து வருகிறவள். என்ன செய்தால் விற்கவிடுவீர்கள் என்று நேராகக் கேட்டாள். கேட்கத் தெரிந்த ஆளைக் கண்டதும் எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. கிணறுகளில் போடும் பர்மாங்கனேட்டைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். ஊரில் அதற்குக் கிணத்து மருந்து என்று பெயர். வாளித் தண்ணீர் ரோஜா நிறமாகும்வரை கரைத்து, பிஞ்சை அரைமணி நேரம் ஊறப்போட வேண்டும்; தண்ணீர் பழுப்பானால் கொட்டிவிட வேண்டும்; நறுக்காமல் முழுசாகத்தான் விற்க வேண்டும் என்றேன். தினமும் வாளியை எட்டிப் பார்ப்பேன். நிறம் சரியாக இருக்கும். மற்றவர்களிடம் இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதிப்பேன்.

என் மனைவி அப்போது ஐந்து மாதம். எதைத் தின்றாலும் குமட்டல். வெள்ளரிப் பிஞ்சு என்றால் மட்டும் ஆசை. ஊரையெல்லாம் தடுத்தவன் அந்தக் கூடைக்காரியிடம் மட்டும் நம்பி வாங்கினேன். யாருக்கு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, மறுநாளிலிருந்து இளசாகப் பொறுக்கித் தனியாக எடுத்து வைத்தாள்.

நான்காம் நாள் மனைவிக்கு வாந்தியும் பேதியும். ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றிக் காப்பாற்றினார்கள். வயிற்றில் இருந்தது தங்கவில்லை.

வீட்டில் குடிப்பது கொதித்த தண்ணீர், சாப்பிடுவது சுடச்சுடச் சமையல். பிஞ்சைத் தவிர வேறு எதையும் சந்தேகிக்க வழியில்லை. மருந்தில் ஏமாற்றியிருக்கிறாள், கூடையைக் கவிழ்த்து ஊரைவிட்டே துரத்துகிறேன் என்று மறுநாள் காலையில் போனேன்.

வாளி ரோஜா நிறத்தில்தான் இருந்தது. பிஞ்சுகள் ஊறிக்கொண்டிருந்தன. நான் நிற்பதைக் கவனிக்காமல், நேரம் பார்த்து அவற்றைக் கூடையில் அள்ளினாள். பிறகு பக்கத்துக் குளத்தில் இறங்கி ஒவ்வொன்றாகத் தேய்த்து அலசினாள். இரண்டு படி தள்ளி யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

எதற்கு அலசுகிறாய் என்று கேட்டேன்.

“மருந்தோட காவிக் கறை ஒட்டிக்கினு இருந்தா யாருங்க வாங்குவாங்க? பூச்சிதான் ஊறும்போதே செத்துப்போச்சே” என்றாள்.

ஊறப்போடச் சொன்னவன் நான். எடுத்த பிறகு என்ன செய்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கிணற்றில் மருந்து போட்டால் அதோடு வேலை முடிந்தது. வெள்ளரிக்கும் அப்படித்தான் என்று நானே அவளை நினைக்க வைத்திருக்கிறேன்.

என் முகம் போன போக்கைப் பார்த்து, வீட்டுக்கு வாங்கிப்போன பிஞ்சை நினைத்துக் கவலைப்படுகிறேன் என்று எண்ணிவிட்டாள் போலிருக்கிறது.

“உங்க வூட்டுதுல ஒரு பொட்டுக் கறைகூட இருக்காதுங்க. மாசமா இருக்கறவங்களாச்சேன்னு அத மட்டும் ரெண்டு தபா அலசினேன்.”

கூடையைக் கவிழ்க்கவில்லை. இனிமேல் கொதித்து ஆறிய தண்ணீரில்தான் அலச வேண்டும் என்று சொன்னேன். வூட்ல அம்மா நல்லா இருக்காங்களா என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றேன்.