மாமா புகைத்த நாவல்

தினமும் எழுதும் பழக்கத்தை எப்படி வளர்த்துக்கொள்வது என்று இளைய எழுத்தாளர்கள் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கும் ஒரு காலத்தில் அந்தப் பழக்கம் இருந்தது. ஒழுக்கத்தால் வரவில்லை, அக்காள் புருஷனால் வந்தது. முகத்துக்கு நேரே மாமா என்றுதான் கூப்பிட்டேன். இங்கே அவன் என்றே எழுதுகிறேன்.

யுத்தத்தில் ஜப்பான்காரன் வந்ததும் புக்கிட் ரம்பாய் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோனது. அவனும் அக்காளும் மூட்டையைக் கட்டிக்கொண்டு, பட்டணத்தில், காஜா பேராங்கில் நான் வாடகைக்கு இருந்த ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தார்கள். அக்காள் கொல்லையில் மரவள்ளி நட்டாள், அவித்துப் போட்டாள். அவன் தின்றான், தின்றுவிட்டுப் புகைத்தான்.

காகிதம் கிடைக்காத காலம். தெங்கேராவில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்த ரப்பர் கடை மூடியபோது பழைய எடைச்சீட்டுக் கட்டு ஒன்றை எடுத்து வந்திருந்தேன். அவற்றின் பின்பக்கத்தில்தான் என் முதல் நாவலை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் மூன்று தாள்களைக் காணோம். வாசலில் அவன் என் கதாநாயகியின் கல்யாணத்தில் புகையிலையைச் சுருட்டி இழுத்துக்கொண்டிருந்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்த சீட்டுகளைத் தொடவில்லை. அவை நான் எழுதுவதற்கு வேண்டுமாம். எழுதியது மட்டும்தான் வீண் தாளாம்.

"எழுதி முடிச்சிட்டதானே மச்சான், இனிமே அது எதுக்கு?" என்றான்.

கத்தினேன். சிரித்தான். ஒளித்து வைத்தேன், மோப்பம் பிடித்து எடுத்தான். அன்றிலிருந்து அவன் எழுவதற்கு முன் எழுந்தேன். புகைந்துபோனதை நினைவிலிருந்து திரும்ப எழுதினேன், புதிதாக ஒரு பக்கமும் எழுதி மனப்பாடம் செய்தேன். ஒரு நாள் விட்டாலும் மறந்துவிடும், அவன் ஜெயித்துவிடுவான். காய்ச்சலில் நடுங்கியபடியும் எழுதினேன். அந்தக் கல்யாணத்தை மட்டும் நான்கு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் சுருங்கியது, நன்றாகவும் வந்தது. அந்தப் பெருமையை அந்தத் தண்டத்துக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

பிறகு ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு வலுக்கட்டாயமாக ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். செங் பக்கம் புகையிலை தேடிப் போனவனை லாரியில் ஏற்றிவிட்டார்கள் என்று தெருக்காரர் ஒருவர் வந்து சொன்னார். அக்காள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

என் தாள்கள் பத்திரமாக இருந்தன. விடியற்காலையில் எழுந்து அவற்றின் முன் உட்கார்ந்தேன். ஒரு வரி வரவில்லை. யார் எடுக்கப் போகிறார்கள், நாளைக்கு எழுதலாம் என்று தோன்றியது. மறுநாளும் அப்படியே. இப்படியே ஒரு மாதம் போனது. இருந்தும் கெடுத்தான், போயும் கெடுத்தான் என்று பல்லைக் கடித்தேன். அந்த நாவலை நான் முடிக்கவே இல்லை, அவனும் திரும்பவில்லை.

ஆனால் அப்போது அது தெரியாது. அக்காள் தினமும் மாரியம்மன் கோயிலுக்குப் போனாள், நானும் கூடவே போனேன். அவன் உயிரோடு வந்துவிட வேண்டும் என்று மனமுருகி வேண்டினேன். கண்ணீர்கூட வந்தது. எல்லாம் என் கதைக்காக. ஒரு நாள் திரும்பும் வழியில் அக்காள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒனக்கு அவரப் புடிக்காதுன்னு இத்தன நாளா தப்பா நெனச்சிட்டேன்டா தம்பி," என்றாள்.