தூசி வராத அறை

குவைத்தில், அப்பாசியாவில் நாங்கள் இருந்த ஃபிளாட்டில் சாப்பாட்டு மேஜை ஒன்று இருந்தது. அதில் சாப்பிட்டதாக எனக்கு நினைவே இல்லை. எப்போதும் அதன்மேல் ஒரு கறுப்புத் துணி விரித்திருக்கும். அபாயா என்கிற கறுப்பு அங்கி தைக்கிற கடையில் மிஞ்சிய துணி. வெள்ளைப் பெயிண்டால் புள்ளி புள்ளியாக நட்சத்திரம் வைத்திருந்தார்கள். அதுதான் ஆகாயமாம். அந்த ஆகாயத்தில் கம்பிக் கால்களில் விண்கப்பல்கள் நிற்கும். ஒரு பக்கம் என் கணவருடையவை. எதிர்ப்பக்கம், எங்களோடு ஃபிளாட்டைப் பங்குபோட்டுக்கொண்டிருந்த திருநெல்வேலித் தம்பியுடையவை.

என் கணவருக்குப் பொம்மைக் கடை குடோனில் வேலை. பெட்டி கிழிந்த விண்கப்பல் மாடல் கிட்டுகளை முதலாளி இவர் தலையில் கட்டிவிடுவார். பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து துண்டு துண்டாக வெட்டி, ராவி, பசை போட்டு ஒட்டி, பெயிண்ட் அடிக்கவேண்டும். ஷோகேஸில் வைத்து அழகு பார்க்கிற சாமான் அது. இவர்கள் அதை வைத்துச் சண்டை போட்டார்கள். எந்தக் கப்பல் எங்கே போகும் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதி, ஒரே நேரத்தில் திறந்து காட்டி, ஸ்கேல் வைத்து அளந்து நகர்த்தி, தாயக்கட்டை உருட்டிச் சுடுவார்கள். வேகம் எடுத்த கப்பல் சட்டென்று நிற்கக் கூடாது. திரும்ப நினைத்தாலும் போன போக்கில் கொஞ்ச தூரம் போய்த்தான் ஆகவேண்டும். எனக்குப் புரிந்த விதி அது ஒன்றுதான்.

"ஏழு கழுதை வயசாச்சு, ரெண்டு பேருக்கும் வெக்கமா இல்ல?" என்று கேட்பேன்.

"ஒரு தடவ உக்காந்து ஆடிப் பாருங்க மதினி. அப்புறம் அண்ணாச்சிக்குச் சோறு கிடைக்காது" என்பான் தம்பி.

அப்போதுதான் ஈராக் சண்டை வரப்போகிறது என்ற பேச்சு. ஈராக்கிலிருந்து விஷவாயு ராக்கெட் வரலாம் என்று வீட்டுக்கு ஒரு அறையைக் காற்றுப் புகாமல் அடைத்து வைக்கச் சொன்னார்கள். பக்காலா என்கிற மளிகைக் கடைகளில் டேப் கிடைக்கவில்லை. நாங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி, ஏசி ஓட்டையை அடைத்து, கதவிடுக்கில் திணிக்க ஈரத்துண்டு வைத்திருந்தோம். மகளுக்கு அப்போது எட்டு மாதம். தூசிக்காற்று அடித்தால் அவளுக்கு நெஞ்சில் பூனை கத்துகிற மாதிரி இழுக்கும். சண்டை முடியும்வரை ஊருக்குப் போய்விடுகிறோம் என்று நான் கெஞ்சினேன். "இப்ப லீவு கேட்டா அப்படியே போயிடுன்னுடுவான் கஃபீல்" என்றார். விசா கொடுத்த முதலாளியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். நாங்கள் மட்டும் போகிறோம் என்றால் அதற்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அந்த அறையைப் பார்த்து ஊரே பயந்தது. இவருக்கு மட்டும் சந்தோஷம். ஈரப் பெயிண்டில் மணல் ஒட்டி இவர் கப்பல்களெல்லாம் சொறி பிடித்த மாதிரி இருக்கும். இப்போது தூசியே வராத ஒரு அறை கிடைத்துவிட்டது.

"அங்க காய வச்சா கண்ணாடியாட்டம் வரும்" என்றார்.

"பெயிண்டு டப்பா ஒண்ணு அந்த ரூமுக்குள்ள வரட்டும். மறுநாள் பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஏர்போர்ட்ல நிப்பேன்."

"கொண்டு வரல, போதுமா?" என்றார். நான் நம்பினேன்.

சண்டை தொடங்கிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து இவர் வந்து உட்கார்ந்த நேரத்தில் சைரன் ஊதியது. தம்பியையும் கூப்பிட்டுக்கொண்டு அறைக்குள் போய்க் கதவை அடைத்தோம். இவர் துண்டைத் திணித்து டேப் ஒட்டினார். ரேடியோவை மெல்ல வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வாசனை. இனிப்பாக, அழுகத் தொடங்கிய பழம் மாதிரி. விஷவாயு பழ வாசனை அடிக்கும் என்று மாடிவீட்டுக்காரி சொல்லியிருந்தாள்.

"மச்சான், வாசம் வருது." எங்கள் ஊரில் கணவரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"ஒண்ணுமில்ல. ஏசி வாசனை."

ஏசி ஓடவே இல்லை. பாட்டில் தண்ணீரில் துணியை நனைத்து மகளின் மூக்கில் வைத்தேன். அவள் திமிறினாள். பிறகு இழுக்க ஆரம்பித்தாள். விலா எலும்புகள் உள்ளே போய் வந்தன. உதட்டில் நிறம் மாறியது. சாகும் நேரத்தில் சொல்கிற கலிமாவை நான் சொல்லத் தொடங்கிவிட்டேன். பிள்ளைக்கும் சேர்த்துச் சொன்னேன்.

தம்பி இவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணாச்சி, சொல்லிருங்க" என்றான்.

இவர் சுவரைப் பார்த்தார்.

"சொல்லுதீயளா, நான் சொல்லட்டுமா?"

"பெயிண்ட்டு" என்றார் இவர். "அலமாரிக்குள்ள வச்சிருக்கேன்."

நான் நம்பவில்லை. சாகும்போது பயப்படாமல் இருக்கட்டும் என்று இரண்டு பேரும் பேசிவைத்துப் பொய் சொல்கிறார்கள் என்றே நினைத்தேன். பெயிண்ட் என்றால் ஜன்னலைத் திறக்கவேண்டும். வாயு என்றால் திறக்கவே கூடாது. வெளியே சைரன் திரும்பவும் ஏறியது. என் மடியில் பிள்ளை மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருந்தது.

தம்பி எழுந்து அலமாரியைத் திறந்தான். வாடை முகத்தில் அறைந்தது. மகளின் சட்டைகளுக்குக் கீழே, செய்தித்தாள் மேல், புதிதாக நான்கு கப்பல்கள். பக்கத்தில் பெயிண்ட் கரைக்கிற தின்னர் பாட்டில் சாய்ந்து கிடந்தது. நான் ஒன்றை எடுத்தேன். பெயிண்ட் ஈரமாக விரலில் ஒட்டியது.

அப்புறம் நான் யாரையும் கேட்கவில்லை. பிளாஸ்டிக் ஷீட்டைப் பிய்த்து ஜன்னலைத் தள்ளி, மகளை வெளியே நீட்டிப் பிடித்தேன். தெருவில் ஒரு ஆள் இல்லை. எதிர்க் கட்டடத்தில் எல்லா ஜன்னலும் டேப் ஒட்டி மூடியிருந்தது. ஊர் முழுக்கப் பயந்த அந்தக் காற்றை அவள் இழுத்து இழுத்துக் குடித்தாள். மெல்ல மெல்ல அழுகை வந்தது. அந்த அழுகையைக் கேட்டதும்தான் எனக்கு உயிர் திரும்பியது. கன்னத்தில் என் விரல் பட்ட இடமெல்லாம் சாம்பல் நிறப் பெயிண்ட்.

"பயந்துட்டேன்" என்றார் இவர் பின்னாலிருந்து. "நீ ஊருக்குப் போயிடுவியேன்னு."

நான் மகளின் கன்னத்துப் பெயிண்டை முந்தானையால் துடைத்தேன்.

அபாயம் நீங்கியதற்கான சைரன் வெகு நேரம் கழித்துத்தான் ஊதியது. ஜன்னலுக்கு அவர் புது ஷீட் ஒட்டினார். அலமாரியைக் கழுவினார். கறுப்புத் துணியை மடித்துப் பரணில் போட்டார். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை சைரன் ஊதியது. இரண்டு ஆண்களும் அந்த அறைக்குள் போய்க் கதவை டேப் ஒட்டி அடைத்துக்கொள்வார்கள். நான் ஹாலில், திறந்த ஜன்னல் பக்கத்தில், மகளை மடியில் போட்டுக்கொண்டு அவள் மூச்சைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பேன். உள்ளே வா என்று அவர் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.