இரண்டாவது டெஸ்டும் தண்ணீர் வார்ப்பும்

என் அக்காவின் புருஷனை எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை என்று சொன்னால் அது பொய். நல்ல மனிதர்தான். நான் பாரிசுக்கு வந்த புதிதில் தன் கட்டிலை எனக்குத் தந்துவிட்டு நிலத்தில் படுத்தவர். அதனால்தான் அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. கெட்டவன் ஒருவன் அதைச் செய்திருந்தால் இரண்டு தூஷணத்தோடு மறந்திருப்பேன்.

நான் றக்பி பார்க்கத் தொடங்கியதும் ஒரு கோபத்தில்தான். 2009 வைகாசி வரைக்கும் நான் கிரிக்கெட் பைத்தியம். இலங்கை அணி எந்த நாட்டில் ஆடினாலும் விடிய எழும்பிப் பார்ப்பேன். அந்த வைகாசியில், வன்னியில் சனம் சாகச் சாக, நாங்கள் பாரிஸ் தெருக்களில் தொண்டை கிழியக் கத்தினோம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சிங்கக் கொடியை மைதானத்தில் யாராவது ஆட்டக் கண்டால் தொலைக்காட்சியை உடைக்க வேண்டும்போல இருந்தது. விளையாட்டு வேறு, அரசியல் வேறு என்று எனக்குப் புத்தி சொல்ல வந்தவர்கள் எல்லாரும் வீட்டில் ஒரு சாவும் விழாதவர்கள். நான் வேலை செய்த உணவகத்தில் பெரிய சமையல்காரர் தென்மேற்குப் பிரான்சுக்காரர். சனிக்கிழமைகளில் அவருடைய குசினியில் றக்பியைத் தவிர வேறொன்றும் ஓடாது. அந்த ஆட்டத்தில் எனக்குச் செத்தவர் யாரும் இல்லை. அதனால் நிம்மதியாகக் கத்த முடிந்தது.

அக்காவின் மகளுக்கும் அதை நான்தான் பழக்கினேன் என்பது அத்தானின் குற்றச்சாட்டு. சுத்தப் பொய். பள்ளிக்கூடத்தில் பழக்கினார்கள், பத்து வயதில் பாரிசுக்கு வெளியே எபினேப் பக்கம் ஒரு கழகத்தில் சேர்ந்தாள். நான் செய்ததெல்லாம் புதன்கிழமைகளில் அவளைக் கூட்டிக்கொண்டு போனதும், மழையில் கோட்டோரம் நின்று நனைந்ததும்தான். வீட்டில் கேட்டதற்கு மட்டும் பிரெஞ்சில் பதில் சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்துகிற பிள்ளை அது. மைதானத்தில் தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய பெண்ணின் முழங்காலைக் கட்டிப்பிடித்து விழுத்திவிட்டு, சேறும் தானுமாக எழும்பிச் சிரிப்பாள். எங்கள் சனத்துக்குச் சிரிப்பு தெரியவில்லை, கெண்டைக்காலில் நீலம் பாரித்த கண்டல்தான் தெரிந்தது. தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் மரக்கறி வாங்கப் போனால் கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே கேட்பார்கள்: "பிள்ளை நல்லாக் கறுத்துப் போனாள், என்ன? கை காலை முறிச்சுக்கொண்டு வந்தா நாளைக்கு ஆர் கட்டுவான்?" அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு மாப்பிள்ளை தேடுகிற இந்த வாய்களுக்கு என்ன மருந்து கொடுப்பது?

அந்த வயதில்தான் அவள் சாமத்தியப்பட்டாள், பெரியவளானாள். 2022 யூலையில், பள்ளிக்கூடம் விட்ட கையோடு வந்த சனிக்கிழமை சடங்கு. பின்னேரம் மண்டபத்தில் பல்லக்கு, மேடை, கேக் எல்லாம். காலையில் வீட்டிலேயே தண்ணீர் வார்ப்பு. அக்கா வீடு லா சப்பல் மெத்ரோவுக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில். கீழே ஒரு கஃபே. முற்றத்துக்கு எங்கே போவது? குளியலறைத் தொட்டிக்குள் பலகை போட்டு, மாவிலைக்குப் பதிலாக ஏதோ ஒரு இலையைக் கதவில் கட்டியிருந்தார்கள். தாய்மாமன் பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைத்து முதல் தண்ணீரை வார்க்க வேண்டும். அவன் வார்க்காமல் வேறு யாரும் செம்பைத் தொட முடியாது. அக்காவுக்கு நான் ஒரே தம்பி.

நல்ல நேரம் ஒன்பதரைக்குப் பிறகு. ஐயர் நேரம் குறித்தபோது ஜப்பானைக் கேட்கவில்லை. பிரான்ஸ் அணி அங்கே இரண்டு டெஸ்ட் ஆடப் போயிருந்தது. முதலாவதைப் பெரிய கரைச்சல் இல்லாமல் வென்றுவிட்டார்கள். இரண்டாவது, தொடரை முடிக்க வேண்டிய ஆட்டம், எங்களுக்குச் சரியாக அன்று காலையில். மருமகள் பாவாடை சட்டையோடு, கையில் வெற்றிலை பாக்கை ஏந்தியபடி தொட்டிக்குள் இருந்தாள். கைபேசியைப் பற்பசைக் குவளையில் சாய்த்து வைத்தது நான்தான். இடைவேளைக்கே ஜப்பான்காரர் முன்னுக்கு நின்றார்கள். அதற்குப் பிறகும் எங்கள் ஆட்கள் முட்டி முட்டி விழுந்தார்களே தவிர, அசையவில்லை. வாசலில் அத்தானின் தங்கை ஆலாத்தித் தட்டோடு நின்று, "உந்தப் போனை நிப்பாட்டுங்கோவன்" என்று முணுமுணுத்தபடியிருந்தார். நாங்கள் இருவரும் காது கேட்காதவர்கள்.

கடைசிப் பத்து நிமிடத்துக்குள் எங்கள் ஆள் ஒருவன் கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் அழுத்திப் புள்ளி எடுத்தான். "எஸ்ஸே!" என்று அவள் போட்ட சத்தத்தில் வெற்றிலை தண்ணீருக்குள் விழுந்தது. முன்னுக்கு வந்துவிட்டோம். ஆனால் முடியவில்லை. ஜப்பான்காரரும் வந்து எங்கள் கோட்டுக்குள் விழுந்தார்கள். நடுவர் வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த நேரம் அவள் என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் மோதிரம் விரலுக்குள் இறங்கியது. பந்து கைநழுவியது, செல்லாது என்றார் நடுவர். கொஞ்ச நேரத்தில் கடைசி விசில். கீழே கஃபேயில் காலையிலேயே பியரோடு இருந்தவர்கள் கிளப்பிய ஆரவாரம் யன்னலால் ஏறி வந்தது. அவள் தொட்டிக்குள் எழும்பி நின்று என்னைக் கட்டிப்பிடித்துத் துள்ளினாள். நானும் துள்ளினேன். நாற்பத்தாறு வயதில், பட்டு வேட்டியோடு.

"காணும், நிப்பாட்டுங்கோ!" அத்தான் வந்து கைபேசியைப் பறித்தார். "சடங்கு வீட்டிலையும் உந்தக் கூத்தோ? இண்டையோட உது சரி. பெரிய பிள்ளையாகீட்டாய். இனி வரமாட்டாய் எண்டு கழகத்துக்கு நான் ரெலிபோன் எடுத்துச் சொல்லீட்டன்."

அவள் பிரெஞ்சில் ஒன்றே ஒன்று கேட்டாள்: என் றக்பிச் சப்பாத்து எங்கே?

"நேற்றே தெருமுனையில பழைய உடுப்புப் போடுற பெட்டிக்குள்ள போட்டாச்சு. பையோட."

சொன்ன விதம்தான் என்னைக் கொன்றது. குப்பை கொட்டிவிட்டு வந்தவர்போலச் சொன்னார். அவள் முகத்தில் இருந்த வெற்றி அப்படியே வழிந்து போனதை நான் ஒரு முழத் தூரத்தில் நின்று பார்த்தேன்.

"நான் தண்ணி வாக்கமாட்டன்" என்றேன்.

"என்ன தம்பி கதைக்கிறாய்?"

"வாக்கமாட்டன், அத்தான். இப்ப, என்ரை கண்ணுக்கு முன்னால ரெலிபோன் எடுத்து, அவள் வருவாள் எண்டு சொல்லுங்கோ. பிறகு வாக்கிறன்."

அத்தானின் தங்கை "ஐயோ, நேரம் போகுது" என்று தலையில் கைவைத்தார். அக்கா துவாயை மடிப்பதும் விரிப்பதுமாக நின்றாள். அத்தானுக்கு முகம் சிவந்துவிட்டது. பின்னேரம் மண்டபம் நிறையச் சனம் வரும், மாமன் தண்ணீர் வார்க்கவில்லை என்ற கதை அதற்கு முன்னரே வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் நின்றேன்.

"சரி, இன்னும் ஒரு வருஷம் விளையாடட்டும்."

"பதினெட்டு வயது வரைக்கும்."

"ஆம்பிளைப் பயிற்சியாளர் வேண்டாம்."

"உங்கடை மகளை எனக்குத் தெரியும், அத்தான். பேய்க்கதை கதையாதேங்கோ."

"கிழமைக்கு ஒரு நாள். அதுவும் நீளக் காற்சட்டை."

குரல் ஏறிக்கொண்டே போனது. சந்தையில் மீனுக்கு விலை பேசுகிறவர்கள்போல அவளுடைய தலைக்கு மேலால் நான் வெறுஞ் செம்பையும் அவர் கைபேசியையும் ஆட்டிக்கொண்டிருந்தோம்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ."

தமிழில் சொன்னாள். வீட்டில் தமிழில் கேட்டாலும் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை, ஒருவருக்கும் விளங்காமல் போகக் கூடாது என்பதற்காகவே தமிழில் சொன்னாள். பிறகு என் கையில் இருந்த செம்பைப் பிடுங்கினாள். கிண்ணத்தில் இருந்த பாலையும் அறுகையும் தானே தலையில் கவிழ்த்தாள். வாளியில் மொண்டு தண்ணீரை ஊற்றினாள். திரும்பவும் மொண்டு ஊற்றினாள். ஊற்ற ஊற்ற எங்கள் இருவரையும் முறைத்துக்கொண்டிருந்தாள். பட்டு வேட்டியும் அத்தானின் சேட்டும் நனைந்தன. யன்னலுக்கு வெளியே மேம்பாலத்தில் மெத்ரோ ஒன்று கடகடத்துக்கொண்டு போனது.

வாசலில் கமெராவோடு நின்ற, சடங்கைப் படம் பிடிக்க வந்தவன்தான் முதலில் வாயைத் திறந்தான். "அண்ணை, ஒருக்கா நீங்கள் வாக்கிறமாதிரி எடுப்பம். அல்பத்துக்கு மாமன்ரை படம் இல்லாட்டி வடிவில்லை."

அத்தான் நம்பிக்கையோடு என்னைப் பார்த்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் கையும் செம்புப் பக்கம் போனது. மாமன் என்ற என் உரிமையை ஒரு சின்னப் பெண் என் கையிலிருந்து பிடுங்கிவிட்டாள் என்று எனக்கும் ஒரு மூலையில் எரிந்துகொண்டுதான் இருந்தது.

"நோன்" என்று பிரெஞ்சில் மறுத்தாள் அவள்.

அக்கா வந்து துவாயைப் போர்த்தி அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். பின்னேரம் எல்லாம் நடந்தது. பல்லக்கில் வந்தாள், மேடையில் இருந்தாள், கேட்டவர்களோடெல்லாம் நின்று படம் எடுத்தாள். நானும் அத்தானும் மண்டபத்தின் இரண்டு அந்தத்தில் நின்று சனத்தை வரவேற்றோம்.

செப்டெம்பரில் கழகத்துக்குத் திரும்பப் பதிய வேண்டும்; பெற்றவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா வேலையால் வந்த உடுப்போடு போய்ப் போட்டுவிட்டு, புதுச் சப்பாத்தும் வாங்கிக்கொண்டு வந்தாள். அன்று நான் அவர்கள் வீட்டுக் குசினியில் இருந்தேன். அத்தான் என் முகத்தைப் பார்க்காமல் அக்காவிடம் கத்தினார்.

"ஆரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டனீ? இவன்ரை கதையைக் கேட்டோ?"

அக்கா உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அவளைக் கேட்டனான்" என்றாள். "அவளுக்குத் தண்ணி வாத்தது நீங்களுமில்லை, தம்பியுமில்லை."