குத்துக்கல்வலசையில் ஒரு மாட்டின் ஏப்பத்துக்காகக் காத்திருந்தோம்

திண்டுக்கல் பக்கம் எங்களுக்கு ஆறு கறவை மாடுகள். மாடு விடும் ஏப்பத்தில் மீத்தேன் வாயு வருகிறது, அது பூமியைச் சூடாக்குகிறது என்று படித்ததிலிருந்து எனக்கு உறுத்தல். விற்றுவிடலாம் என்று வீட்டில் பேசி, ஒரு வியாபாரியையும் வரச் சொல்லிவிட்டோம். அதற்குள், மேய்ச்சலை மாற்றி இந்த வாயுவைக் குறைக்கப் பார்க்கும் ஒரு தம்பதியைச் சந்தித்துவிடலாம் என்றுதான் போன ஜூலையில் தென்காசிக்குக் கிளம்பினேன்.

மதுரையிலிருந்து பேருந்தில் நாலு மணி நேரம். தென்காசியிலிருந்து குத்துக்கல்வலசைக்கு ஆட்டோவில் நூறு ரூபாய். "சீசனுக்கு வாறவங்க அருவிக்குல்லா போவாங்க. நீங்க மாடு பாக்கவாக்கா வந்தீங்க?" என்று ஆட்டோக்காரருக்கு ஒரே சிரிப்பு.

கணேசன் அண்ணாச்சி பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பேச்சியம்மாளோடு ஐந்து மாடுகள் வளர்க்கிறார். மேய்ச்சல் நிலத்தைக் கம்பி கட்டிப் பாத்திகளாகப் பிரித்திருக்கிறார். ஒன்றில் மேய்த்துவிட்டு, புல் மறுபடி தழையும்வரை அதை ஆறப்போடுகிறார். "முத்தின புல்லு லேசுல செரிக்காது. வாயு கூடும், பாலு கூடாது. இளம்புல்லுன்னா அதே மாடு கூடப் பால் தருது," என்றார். சாணம் மூடிய தொட்டிக்குப் போய் அடுப்புக்கு எரிவாயுவாகிறது.

டீ குடித்துக்கொண்டிருந்தபோது சாரல் பிடித்தது. "எப்பா, இங்கன ஓடி வாங்க! செவலை பயறுக் காட்டுக்குள்ள நிக்குது!" என்று பேச்சியம்மாள் கத்தினார்.

தளர்ந்த கம்பியைத் தாண்டி, ஈரமான தட்டைப்பயற்றை வயிறு முட்டத் தின்றிருந்தது அந்தச் சிவப்பு மாடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது விலா பறைபோல் உப்பியது. மூச்சு இரைத்தது.

"ஈரப்பயறு வயித்துல நொரைச்சு வாயு கட்டிக்கிடும். வெளிய வரலன்னா செத்துரும்க்கா," என்றார் அண்ணாச்சி. மருத்துவருக்குப் போன் போட்டுவிட்டு, மாட்டை மேட்டில் முன்னங்கால் உயர நிறுத்தி, மென்றுகொண்டே இருந்தால் ஏப்பம் வரும் என்று வாயில் குறுக்கே குச்சியைக் கட்டினார். பேச்சியம்மாள் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் புகட்டினார். நான் விலாவைத் தேய்த்தேன். ஏப்பத்தைக் குறைக்க வழி தேடி வந்தவள், ஒரே ஒரு ஏப்பம் வராதா என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

வந்தது. நீளமாக, புளித்த வாடையோடு. பிறகு இன்னொன்று. பேச்சியம்மாள் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். பின்னாலேயே வந்த மருத்துவர், இனி பயமில்லை என்றார்.

"புதுசு புதுசா செய்யுதேன்னு என் மாட்டக் கொன்னுருப்பிய!" என்று பேச்சியம்மாள் கணவரிடம் சீறினார்.

"கம்பிய நாந்தான் இழுத்துக் கட்டல," என்றார் அண்ணாச்சி.

கொஞ்ச நேரம் கழித்துப் பேச்சியம்மாளே சொன்னார்: "பாத்தி இருக்கட்டும். பாலு கூடியிருக்கது நெசந்தான். பயற மட்டும் இனி நான் அறுத்து, வாட வச்சு, வைக்கோலோட கலந்து போடுதேன்."

திரும்பும் பேருந்திலிருந்து வீட்டுக்குப் போன் செய்து, வியாபாரியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

போகிறவர்களுக்கு: முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள், கறவை நேரத்தைத் தவிருங்கள். குடை கட்டாயம். குற்றாலம் பக்கத்தில்தான், குளிக்க அனுமதி இருக்கிறதா என்று அன்று காலையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். வீட்டில் மாடு வைத்திருப்பவர்கள் ஒரே ஒரு பாத்தியோடு தொடங்கிப் பாருங்கள். நாங்கள் ஆறப்போட்ட முதல் பாத்தியில், இந்த வாரம் புல் கணுக்காலைத் தாண்டிவிட்டது.