இடது கண்ணைப் பொத்தியிருந்தவர்

இது நடந்தது. கதை விடுகிறாள் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. என் வலது கை விரல் முட்டிகளை மடக்கினால் இன்றைக்கும் வலிக்கிறது. எனக்கு அந்த வலி போதும். வேறு சாட்சி வேண்டாம்.

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, அணைந்த விளக்கு என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு நடந்தது காலை பத்தே முக்காலுக்கு. எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

ஒரு பெரிய மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பவள் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஸ்கேன் அறை அடித்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. பகலா இரவா என்று சொல்லச் சுவரில் ஒரு கடிகாரம்தான் உண்டு. அந்த இயந்திரம் ஒரு ராட்சதக் காந்தம். அதை அணைப்பதே இல்லை. உள்ளே ஆள் இல்லாதபோதும் அதைக் குளிரவைக்கும் பம்பு, ச்சிக்… ச்சிக்… ச்சிக்… என்று சுவருக்குள் ஏதோ கொத்துவதுபோல் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். இயந்திர அறைக்கும் நான் உட்காரும் அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடி. அதற்குள் மெல்லிய செம்புக் கம்பி வலை ஓடும். அதன் வழியே பார்த்தால் யார் முகமும் கொசுவலைக்குள் இருப்பதுபோல் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அறை முழுக்கப் பழையது, கண்ணாடி மட்டும் புத்தம் புதியது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்கு ஸ்கேன் என் அப்பாவுக்கு.

அப்பா இரும்புக் கேட் செய்யும் பட்டறையில் அறுக்கிறவர், தேய்க்கிறவர். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அந்த வேலைதான். சிறுநீரில் ரத்தம் போவதை மாதக்கணக்காக மறைத்தார். உள்ளாடையைத் தானே துவைத்துக்கொண்டார். குடித்த தம்ளரைக்கூடக் கழுவாத மனுஷன் துணி துவைக்கிறாரே என்று அம்மாவுக்குச் சந்தேகம் வந்து, அப்படித்தான் வெளியே வந்தது. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். புரோஸ்டேட்டில் புற்றுநோய்.

எலுமிச்சம்பழம் அளவு சுரப்பி அது. சிறுநீர்ப்பைக்குக் கீழே, ஆண்களின் வீம்பு மொத்தமும் குடியிருக்கும் இடத்தில் இருக்கிறது. கட்டி அதன் தோலுக்குள்ளேயே அடங்கியிருக்கிறதா, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டதா என்று எம்.ஆர்.ஐ. காட்டும். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எங்கே வெட்டுவது, எந்த நரம்பை விட்டுவைப்பது என்று சர்ஜன் தீர்மானிப்பார். அன்றைக்குப் படம் கிடைத்தால் வியாழக்கிழமை ஆபரேஷன். கிடைக்காவிட்டால் சர்ஜன் வெளிநாடு போய்த் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். கட்டியும் காத்திருக்குமா? அதை யாரும் சொல்லவில்லை.

சீனியர் டெக்னீஷியன் மாடியில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். நான்தான் அப்பாவை உடை மாற்றும் இடத்துக்குக் கூட்டிப் போனேன்.

“வேற ஆம்பளை ஆளே இல்லையா பாப்பா?” என்றார் திரைக்குப் பின்னாலிருந்து.

“ஏன்?”

“அந்த இடத்தைப் போயி… நீ பாக்கறதா?”

“கறுப்பு வெள்ளையிலதான்ப்பா தெரியும். உன் மானமெல்லாம் கலர்ல வராது. கவுனைப் போடு.”

நாடாவைக் கட்டிக்கொண்டே வெளியே வந்தார். எல்லோரிடமும் கேட்கும் கேள்விகளை அவரிடமும் கேட்டேன். அந்தக் காந்தத்துக்குப் பக்கத்தில் இரும்பு போகக் கூடாது. போனால் அது துப்பாக்கிக் குண்டு.

“உடம்புக்குள்ள கம்பி, பிளேட்டு எதாவது வெச்சிருக்கா?”

“இல்ல.”

“நெஞ்சுல கருவி?”

“நெஞ்சே இல்லன்னு உங்கம்மா சொல்லுவா.”

“கண்ணுல எப்பவாவது இரும்புத் தூள் போயிருக்கா?”

நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

“இல்ல பாப்பா.”

ஆமாம் என்றிருந்தால் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஏதாவது தெரிந்தால் ஸ்கேன் கிடையாது, வியாழக்கிழமையும் கிடையாது. அவர் கை நின்றதை நான் பார்த்தேன். ஆனால் எனக்கும் அந்த ‘இல்ல’தான் வேண்டியிருந்தது.

அப்போதுதான் பெஞ்சில் இருந்த ஆளைக் கவனித்தேன்.

அதே நீலக் கவுன். அப்பா வயது இருக்கும். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இவர் எப்போது உள்ளே வந்தார்?

“சார், உங்களை யாரு கீழ அனுப்பினாங்க? மேல போயி உக்காருங்க.”

“கேட்டியா?” என்றார்.

“என்னது?”

“அவன்கிட்ட. கேட்டியா?”

“கேட்டாச்சு. நீங்க மேல போங்க.”

“சரியா கேளு.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வழியில் போகிறவரெல்லாம் எனக்கு என் வேலையைச் சொல்லித்தர வேண்டுமா? அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன்.

“யார்கூட பேசின?” என்றார் அப்பா.

“அடுத்த பேஷண்ட்.”

அப்பா திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

இயந்திர அறைக்குள் காலை வைத்ததுமே நின்றுவிட்டார். இடது கண்ணைக் கசக்கினார்.

“என்னப்பா?”

“உறுத்துது.”

“ஏசி காத்து. வா.”

மேசையில் படுக்கவைத்தேன். காதில் ஹெட்ஃபோன் மாட்டினேன். கையில் ரப்பர் பந்தைக் கொடுத்தேன். உள்ளே பயமாக இருந்தால் அதை அமுக்கினால் போதும், என் அறையில் மணி அடிக்கும். திரும்பியபோது கண்ணாடியில், உட்பக்கம், ஒரு தடம் தெரிந்தது. ஈரமாக இருந்தது. யாரோ நெற்றியை வைத்து அழுத்தியதுபோல் இருந்தது. துடைத்தேன். கையுறையில் சிவப்பாக ஒட்டியது. காலையில் துடைத்த மருந்தின் சாயம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அந்த அறைக்கு அது ஒன்றுதான் கதவு. அதுவும் என் நாற்காலிக்குப் பக்கத்தில்.

மணி 10:44.

அப்பா படுத்திருந்த மேசையை இயந்திரத்தின் குழாய்க்குள் நான் இன்னும் அனுப்பவில்லை.

பீப்… பீப்… பீப்…

மைக்கை அழுத்தினேன். “அதுக்குள்ள என்னப்பா?”

“நான் அமுக்கலையே.”

நிறுத்தினேன். மறுபடியும் அடித்தது.

“பந்தைக் கீழ வைப்பா.”

“கீழதான் கெடக்கு.”

பீப்… பீப்… பீப்…

நிமிர்ந்து கண்ணாடி வழியே பார்த்தேன்.

அந்த ஆள் உள்ளே நின்றார்.

அப்பாவின் தலைமாட்டில். ஒரு கை கண்ணில். மறு கை அப்பாவின் தலைமுடியில்.

கதவை எப்படித் திறந்தேன் என்று தெரியாது. “யோவ், கையை எடுய்யா!” என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

தொம்.

அப்பாவின் தலையைத் தூக்கி மேசையில் அடித்தார். ஹெட்ஃபோன் இரண்டாக முறிந்தது.

தொம்.

முடியைப் பிடித்து அப்படியே கீழே இழுத்தார். அப்பா தோள் முதலில் தரையில் மோத விழுந்தார். உள்ளே ஏதோ விலகும் சத்தம் கேட்டது. அவர் எழுவதற்குள் விலாவில் உதை. இன்னொன்று. முகத்தில் ஒரு குத்து.

“சொல்லு.”

குத்து.

“சொல்லுடா.”

உதடு கிழிந்தது. ரத்தம் வெள்ளைத் தரையில் கோடாக இழுபட்டது… அப்பா ஊர்ந்துபோய் இயந்திரத்தின் அடியில் ஒதுங்கப் பார்த்தார்… அந்த ஆள் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்…

நான் அந்தக் கையைப் பிடித்தேன். பிடித்தேன் என்றுதான் நினைவு.

ஐஸாக இருந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். பொத்தியிருந்த கையை எடுத்தார்.

கண் இல்லை.

குழி… கறுப்பாக… உள்ளே போய்க்கொண்டே இருந்தது…

“சொல்லுடா!”

“இருக்கு!” அப்பா அலறினார். “கண்ணுல இருக்கு… இரும்பு இருக்கு… போதும்… விட்டுடு…”

எல்லாம் நின்றது.

ச்சிக்… ச்சிக்… ச்சிக்…

அறையில் அப்பாவும் நானும்தான் இருந்தோம்.

மணி 10:46.

கூட்டம் முடிந்து இறங்கிய சீனியர் அலறல் கேட்டு ஓடி வந்தபோது நான் வாயைத் திறக்கும் முன் அப்பா முந்திக்கொண்டார். “மேசையிலேர்ந்து தவறி விழுந்துட்டேன் சார்.”

“பொய் சொல்றார்,” என்றேன் நான். “ஒருத்தன் உள்ள பூந்து அடிச்சான்.” காவலாளிகள் அடித்தளம் முழுக்கத் தேடினார்கள். நீலக் கவுன் போட்ட எவரும் இல்லை. என் மேல் ஒரு கீறல்கூட இல்லை. வலது கை முட்டிகள் மட்டும் வீங்கியிருந்தன. அவனைப் பிடித்து இழுத்ததில் என்று நினைத்தேன்.

எக்ஸ்ரேயில் அப்பாவின் இடது கண்ணுக்குள் கடுகளவு வெள்ளைப் புள்ளி. நான் பிறப்பதற்கு முன்னால் அறுக்கும்போது தெறித்ததாம். சொன்னால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லையாம். அதை எடுத்த கண் டாக்டர் என்னிடம் சொன்னார்: “தலை மட்டும் அந்தக் குழாய்க்குள்ள போயிருந்தா, இது கண்ணை உள்ளுக்குள்ளயே கிழிச்சிருக்கும்.”

சர்ஜன் வெளிநாடு போய்த் திரும்பினார். கட்டி காத்திருந்தது. இரண்டாம் முறை ஸ்கேன் எடுத்தது சீனியர்; என்னை அவர் அறைக்குள்ளேயே விடவில்லை. கட்டி வலது பக்கம், தோலைத் தொடும் தூரத்தில், ஆனால் உள்ளே. சர்ஜன் அந்தப் பக்கத்து நரம்பைப் பலிகொடுத்து இடது பக்கத்தைக் காப்பாற்றினார். அப்பா பிழைத்துக்கொண்டார்.

ஒருநாள் சீனியரிடம் அந்த ஆளின் அடையாளம் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“எந்தக் கண்ணு?”

“இடது.”

கண்ணாடிப் பக்கம் திரும்பினார். “நீ வர்றதுக்கு முன்னாடி ஒருத்தர் வந்தார். லேத்துப் பட்டறை. அவருக்கும் புரோஸ்டேட் ஸ்கேன்தான். உள்ள போனதும் கத்தினார். கண்ணு போச்சு. ரெண்டு மாசம் கழிச்சு திரும்ப வந்தார். உள்ள பூந்து, இந்தக் கண்ணாடியைத் தலையாலயே முட்டினார். உடையற வரைக்கும். ஒரு துண்டு கழுத்துல பாஞ்சிருச்சு. நான் இந்தப் பக்கம் நின்னுட்டிருந்தேன்.”

“ஸ்கேனுக்கு முன்னாடி அவர்கிட்ட கேட்டீங்களா?”

“அன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி,” என்றார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அப்பா என்னோடு ஒட்டவில்லை. நான் சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துபோனார். மாத்திரையை நான் நீட்டினால் வாங்க மாட்டார், அம்மா கொடுத்தால்தான். வலி என்று நினைத்தேன். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“உன்னை அடிச்சவன் மூஞ்சி ஞாபகம் இருக்காப்பா?”

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். “விடு பாப்பா,” என்றார். “போய்த் தூங்கு.”

சீனியர் வேலையை விட்டுப் போன அன்று தன் போனை என் கையில் கொடுத்தார். இயந்திர அறைக்குள் நோயாளியைப் பார்க்க ஒரு கேமரா உண்டு. அன்றைய பதிவை அவர் யாரிடமும் காட்டாமல் எடுத்து வைத்திருந்தார்.

“பாத்துட்டு அழிச்சிடு,” என்றார்.

சத்தம் இல்லாத படம். 10:44. அப்பா படுத்திருக்கிறார். கதவு திறக்கிறது. நான் வருகிறேன். தலைமாட்டில் யாரும் இல்லை. நான் போய் நிற்கிறேன். அப்பாவின் முடியைப் பிடிக்கிறேன். தலையைத் தூக்கி மேசையில் அடிக்கிறேன். கீழே இழுக்கிறேன். உதைக்கிறேன். குத்துகிறேன். 10:46 வரைக்கும்.

எல்லாமே வலது கையால் மட்டும். இடது கையால் என் இடது கண்ணைப் பொத்தியிருக்கிறேன்.

அழித்துவிட்டேன். அப்பாவிடம் எதையும் கேட்கவில்லை. என்ன கேட்பது? தவறி விழுந்தேன் என்று அவர் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார், அம்மாவிடமும்.

நேற்றுக் காலை அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் தலை வாரிக்கொண்டே அந்தப் பக்கம் வந்தேன். கண்ணில் முடி குத்தியது. சட்டென்று கையால் இடது கண்ணைப் பொத்தினேன்.

தட்டு கீழே விழும் சத்தம் கேட்டது.

அப்பா எழுந்து, முகத்துக்கு முன்னால் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்.

“கேளு,” என்றார். “எல்லாம் சொல்லிடறேன்.”